வலி மாத்திரை: அட்டையைத் திருப்பிப் பார்ப்போம்

(தென் சென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்காக மயிலாப்பூரில் நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்களில் எத்தனை பேரின் கைப்பையில் இப்போது வலி மாத்திரை இருக்கிறது? கையை உயர்த்த வேண்டாம். மனத்துக்குள் விடை சொல்லிக்கொண்டால் போதும்.

ஆசிரியர் பணி நின்றுகொண்டே செய்யும் பணி. நாளுக்கு ஐந்து, ஆறு பாடவேளை நிற்கிறீர்கள். மாடிப்படி ஏறி இறங்குகிறீர்கள். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தியபடியே இருக்கிறீர்கள். விடைத்தாள் திருத்தும் நாட்களில் கழுத்து குனிந்தே இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியதும் மூட்டு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை என்று ஏதாவது ஒன்று வலிக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. மாலையில் வீடு திரும்பும் வழியில் ஆர்.கே. மடம் சாலையிலோ, உஸ்மான் சாலையிலோ, அடையாறு எல்.பி. சாலையிலோ ஒரு மெடிக்கலில் நிற்கிறோம். "முட்டி வலிக்கு ஏதாவது கொடுங்க" என்கிறோம். நான்கு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். வலி குறைகிறது. அடுத்த வாரமும் அதையே வாங்குகிறோம்.

இன்று நான் பேச வந்தது அந்த நான்கு மாத்திரைகளைப் பற்றித்தான்.

அந்த உறைக்குள் இருப்பது எது?

நம் ஊரில் வலிக்கு விற்கும் மாத்திரைகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று பாராசிட்டமால். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. இன்னொன்று அழற்சியைக் குறைக்கும் வலி நிவாரணிகள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், மெஃபெனாமிக் அமிலம், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப் ஆகியவை இந்த இரண்டாம் வகை. வணிகப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொதுப் பெயர் இந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

நம் ஊரில் அதிகம் விற்பவற்றில் ஒன்று இரண்டு வகையும் கலந்த கூட்டு மாத்திரை. அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், மூட்டுவலிக்கு அந்தக் கூட்டு மாத்திரையையும் காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமாலையும் ஒரே நாளில் விழுங்குவோர் பலர். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

டைக்ளோஃபெனாக் போன்றவை நம் நாட்டின் மருந்து விதிகளில் 'அட்டவணை எச்' என்ற பட்டியலில் வருபவை. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அட்டையில் ஆர்எக்ஸ் என்ற குறியும், இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். அந்தக் கோடு அழகுக்காகப் போட்டதல்ல. 'மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதே' என்பதற்கான அடையாளம் அது. மாத்திரையைக் கத்தரித்துத் தரும்போது பல நேரம் பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. பெயரும் தேதியும் உள்ள பகுதியோடு கேட்டு வாங்குங்கள். ரசீதையும் கேளுங்கள்.

வலியைத் தடுப்பது எப்படி?

அறிவியல் ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால் இதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' பாடத்தை நடத்தும்போதும் இது பயன்படும்.

உடலில் ஓரிடத்தில் காயமோ தேய்மானமோ ஏற்பட்டால் அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவை அந்த இடத்தைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன; வலி நரம்புகளைக் கூர்மையாக்குகின்றன. அவற்றை உருவாக்க உதவும் நொதியின் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ். சுருக்கமாகக் காக்ஸ். வலி மாத்திரை இந்த நொதியைத் தடுக்கிறது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் லண்டனில் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் மேலும் இருவருக்கும் கிடைத்தது. டைக்ளோஃபெனாக் அதே வழியில் வந்த மருந்து. சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனம் உருவாக்க, 1974-இல் முதலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், புரோஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் உண்டாக்குவதில்லை. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கும் வழவழப்பான படலத்தை வளர்ப்பதும் அதுவே. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைத் திறந்து வைப்பதும் அதுவே. மாத்திரைக்கு 'முட்டிக்கு மட்டும் போ' என்று சொல்ல வழியில்லை. அது ரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. முட்டியில் நன்மை செய்யும் அதே வேலை வயிற்றிலும் சிறுநீரகத்திலும் தீமையாக முடியலாம். பக்க விளைவு என்பது மருந்தின் தரக்குறைவால் வருவதல்ல; மருந்தின் இயல்பிலிருந்தே வருகிறது. நல்ல நிறுவனத்தின் விலை உயர்ந்த மாத்திரைக்கும் இது பொருந்தும்.

வயிறு: வலிக்காமலும் புண் வரும்

"சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன், பிறகு எப்படிப் புண் வரும்?" என்று கேட்பார்கள். உணவுக்குப் பின் எடுத்தால் நெஞ்செரிச்சலும் குமட்டலும் குறையும். அது நல்லதுதான். ஆனால் புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. மாத்திரை வயிற்றைத் தொடுவதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தின் வழியாக அந்தப் பாதுகாப்புப் படலம் மெலிவதாலும் வருகிறது. அதனால்தான் ஊசியாகப் போட்டாலும் புண் வரக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வகைப் புண் பல நேரம் வலிப்பதில்லை. வலியை மறைப்பதுதானே மாத்திரையின் வேலை! முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால், அல்லது காப்பித் தூள் கரைத்தது போல வாந்தி வந்தால், அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தார் போன்ற பிசுபிசுப்பும் நாற்றமும், கூடவே தலைச்சுற்றலும் களைப்பும் இருந்தால்தான் ஆபத்து.

65 வயதைக் கடந்தவர்கள், முன்பே அல்சர் இருந்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள், மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். இவர்களுக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாதது என்றால், ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்தே மருத்துவர் எழுதுவார். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் டானிக் அந்த நேரத்து எரிச்சலைத் தணிக்கும், புண்ணைத் தடுக்காது.

சிறுநீரகம்: தண்ணீர் குடிக்காத ஆசிரியைகள்

இதுதான் எனக்கு மிகுந்த கவலை தரும் பகுதி.

என்னிடம் வந்த ஓர் ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். வயது 52. இரண்டு மூட்டுகளிலும் தேய்மானம். ரத்த அழுத்தத்துக்கு நீண்ட நாளாக மாத்திரை எடுக்கிறார். அந்த ஒரே மாத்திரையில் டெல்மிசார்ட்டனும் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்திருந்தன. கால் வீங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்று வந்தார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.3 இருந்தது. முந்தைய ஆண்டு அது 1-க்கும் கீழே.

"வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன்.

"வேறு எதுவும் இல்லை, டாக்டர்."

"வலிக்கு?"

"அது வெறும் வலி மாத்திரைதானே? காலையில் ஒன்று போட்டால்தான் நாள் முழுக்க நிற்க முடிகிறது. ஏழெட்டு மாதமாகப் போடுகிறேன்."

அந்த 'வெறும்' என்ற சொல்லை நான் அடிக்கடி கேட்கிறேன். வலி மாத்திரையை மக்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அவருக்கு நடந்தது இதுதான். சிறுநீரைப் பெருக்கும் மருந்து உடலின் நீரைக் குறைக்கிறது. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்றவை சிறுநீரக வடிகட்டியை விட்டு ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. அதனால் வடிகட்டிக்குள் அழுத்தம் குறைகிறது. இந்த நிலையில் ரத்தம் உள்ளே வரும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதையும் நிறுத்திவிடுகிறது. உள்ளே வருவதும் குறைந்தது, அழுத்தமும் குறைந்தது, உடலில் நீரும் குறைந்தது. சிறுநீரகம் திணறாமல் என்ன செய்யும்? இந்த மூன்றும் ஒன்று சேருவதை மருத்துவர்கள் மூன்று அடிக்கு ஒப்பிடுவார்கள்.

அவரிடம் நான் கேட்ட அடுத்த கேள்விதான் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். "பள்ளி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?" அவர் சற்றுத் தயங்கினார். "குடிக்க மாட்டேன், டாக்டர். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். அடுத்தடுத்து வகுப்பு இருக்கும்" என்றார்.

இது அவர் ஒருவரின் கதை அல்ல. தண்ணீர் குறைந்த உடலில், அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில், வலி மாத்திரை செய்யும் தீங்கு கூடுகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும் நாட்களிலும் அப்படியே. அவருடைய வலி மாத்திரையை நிறுத்தினோம். ரத்த அழுத்த மருந்தை மாற்றினோம். சில வாரங்களில் கிரியாட்டினின் பெருமளவு இறங்கியது. காலத்தோடு கண்டுபிடித்ததால் மீண்டது. எல்லோருக்கும் அப்படி மீளும் என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: ஆசிரியைகள் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் கால அட்டவணையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் உள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ விசாரியுங்கள்.

இதயம்

இந்த வகை மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. 'மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் குறையவில்லை' என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வலி மாத்திரையைப் பற்றித்தான்.

மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. உலகம் இதைக் கற்றது ஒரு பெரிய விலை கொடுத்து. வயிற்றைப் பாதிக்காத வலி மாத்திரை என்று பெயர் பெற்று வந்த ரோஃபெகாக்சிப், இதயப் பாதிப்பை உண்டாக்குவதாகத் தெரிந்ததும் 2004 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பிறகு பழைய மருந்துகளையும் ஆராய்ந்தார்கள். இதய நோய், முன்பு மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அறிவுறுத்தியது. இந்த ஆபத்து முதல் சில வாரங்களிலேயே தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் எந்த வலி மாத்திரைக்கும் முன் தங்கள் இதய மருத்துவரைக் கேட்டே தீர வேண்டும்.

கல்லீரலும் தோலும்: நம் நாட்டில் நடந்தவை

நிமிசுலைடு கல்லீரலைத் தாக்கும் என்ற அச்சத்தால் 2002-இல் பின்லாந்திலும் ஸ்பெயினிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. இந்தியாவில் ஒரு காலத்தில் குழந்தைகளின் காய்ச்சலுக்குக்கூட இதைச் சிரப்பாகக் கொடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் மத்திய அரசு 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இதைத் தருவதைத் தடை செய்தது. ஆனால் வீட்டு அலமாரியின் பழக்கம் சட்டத்தைவிட மெதுவாகவே மாறுகிறது.

மெஃபெனாமிக் அமிலம் மாதவிடாய் வலிக்கு அதிகம் பயன்படுவது. 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்துநூல் ஆணையம் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாக இது 'டிரெஸ்' என்னும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல், பிறகு கல்லீரல் போன்ற உள்ளுறுப்புப் பாதிப்பு என்று அது வளரும். மருந்தைத் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். அந்தச் செய்தி வந்தபோது பல தாய்மார்கள் மகளின் பையிலிருந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. எச்சரிக்கை வேறு, தடை வேறு. தடிப்பும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த வகை மாத்திரை மூச்சுத்திணறலைத் தூண்டும். கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பின், மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும்.

பள்ளிக்கூடத்தில் நாம் செய்ய வேண்டியது

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் சென்னையில் டெங்குக் காலமும்கூட. காய்ச்சலோடு உடல்வலி என்று ஒரு மாணவர் சொல்கிறார். 'உடம்பு வலிக்கு' என்று யாரோ ஐபுப்ரோஃபெனோ மெஃபெனாமிக் அமிலமோ கொடுக்கிறார்கள். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். இந்த மாத்திரைகளும் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும். வயிற்றிலும் கசிவை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. அதனால் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. அதுவும் எடைக்கேற்ற அளவில். ஆஸ்பிரின் குழந்தைகளின் வைரஸ் காய்ச்சலில் தரவே கூடாது. இந்த ஒரு செய்தியை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். ஓர் உயிரைக் காக்கக்கூடிய செய்தி இது.

பள்ளி முதலுதவிப் பெட்டியில் அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகளை வைக்காதீர்கள். ஆசிரியர் தன் பையிலிருந்து எடுத்து மாணவருக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறதா, ஒவ்வாமை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. பெற்றோரை அழையுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டால் வலி தெரியாது' என்ற பழக்கம் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடும் பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளிடமும் பரவுகிறது. வியர்வையில் நீர் இழந்த உடலுக்கு இது சிறுநீரக ஆபத்து. வலி ஓர் எச்சரிக்கை மணி. மணியை நிறுத்திவிட்டு ஓடினால் காயம் பெரிதாகும்.

ஒரு பறவையின் பாடம்

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல ஒரு செய்தி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போனவர்கள் திருக்கழுக்குன்றத்தைப் பார்த்திருப்பீர்கள். நண்பகலில் மலைக்கு வந்து அர்ச்சகர் கையால் உணவு உண்ட இரண்டு கழுகுகளால் புகழ்பெற்ற ஊர் அது. 1990-களின் பிற்பகுதிக்குப் பின் அவை வருவதில்லை. அவை ஏன் வரவில்லை என்பதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை. ஆனால் அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சில இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. காரணம் 2004-இல் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக்! அந்த மாடு இறந்தபின் அதன் இறைச்சியை உண்ட கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது.

2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். அதனால் 2015-இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மி.லி. ஒற்றைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. இன்று நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது. கழுகின் உடல் வேறு, நம் உடல் வேறு. அதற்கு நஞ்சான அளவு நமக்கு நஞ்சல்ல. ஆனாலும் ஒரு மருந்து நாம் எண்ணாத இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

எடுக்க வேண்டிய நிலை வந்தால்

வலி மாத்திரை எதிரி அல்ல. சுளுக்கு, பல்வலி, முடக்குவாதம், அறுவைக்குப் பின் வரும் வலி ஆகியவற்றில் அது பெரும் உதவி. எடுக்கும் முறைதான் முக்கியம்.

1. மருத்துவர் எழுதியதை, எழுதிய அளவில், எழுதிய நாட்கள் வரை மட்டும் எடுங்கள். பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்காதீர்கள்.

2. வலியைக் கட்டுப்படுத்தும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள் என்பதே விதி. டைக்ளோஃபெனாக் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. அசிக்ளோஃபெனாக் 200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. வயது, நோயைப் பொறுத்து மருத்துவர் இதைவிடக் குறைப்பார்.

3. இந்த வகையில் இரண்டு மாத்திரைகளை ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். நன்மை கூடாது, புண் மட்டும் கூடும்.

4. உணவுக்குப் பின், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள்.

5. மருத்துவரிடம் போகும்போது எடுக்கும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள்: பிரஷர், சர்க்கரை, இதய மருந்து, நாட்டு மருந்து என எல்லாவற்றையும்.

6. ஆசிரியர் ஓய்வறையில் மாத்திரையைப் பகிராதீர்கள். "எனக்குக் கேட்டது, நீங்களும் போடுங்க டீச்சர்" என்பது அன்பு. ஆனால் ஆபத்தான அன்பு.

7. கறுத்த மலம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தோல் தடிப்பு, முகம் அல்லது கால் வீக்கம், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிலை மோசமானால் 108.

மருந்தால் பக்க விளைவு வந்தது என்று ஐயம் எழுந்தால் நோயாளியே புகார் செய்யலாம். 2010-இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மெஃபெனாமிக் அமிலத்தைப் பற்றிய எச்சரிக்கையும் இத்தகைய அறிக்கைகளை ஆராய்ந்த பின் வந்ததுதான்.

துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள்

சில ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குச் சுருக்கமாக விடை சொல்லி முடிக்கிறேன்.

*ஜெல் தடவினாலும் இதே ஆபத்து உண்டா?* மிகக் குறைவு. டைக்ளோஃபெனாக் ஜெல்லில் மருந்தின் சிறு பங்கே ரத்தத்தில் கலக்கிறது. மூட்டு, கை விரல் வலிக்கு மாத்திரைக்கு முன் இதை முயலலாம். புண்ணான தோலில் தடவக் கூடாது. தடவியபின் கையைக் கழுவுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதற்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

*ஓர் ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகிவிடுமே?* வலி சற்று விரைவாகக் குறையலாம். நோய் விரைவாகக் குணமாவதில்லை. வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் ஆபத்து அதே அளவுதான்.

*மாணவியர் மாதவிடாய் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?* வேண்டியதில்லை. மருத்துவர் எழுதிய மாத்திரையை அந்த ஓரிரு நாட்கள், உணவுக்குப் பின் எடுப்பது தவறல்ல. வயிற்றில் வெந்நீர் ஒத்தடமும் உதவும். மாதந்தோறும் பள்ளிக்கு வர முடியாத அளவுக்கு வலி இருந்தால் மகளிர் மருத்துவரிடம் அனுப்புங்கள். வேறு காரணம் இருக்கலாம்.

*அப்படியானால் மூட்டுவலிக்கு என்னதான் செய்வது?* தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியே முதல் மருந்து. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு இரு வேளை. எடையைக் குறையுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குத்துக்காலிடுவதையும் தவிருங்கள். வகுப்பில் இடையிடையே அமர்ந்து பாடம் நடத்துங்கள். அமர்ந்து நடத்தினால் பாடம் கெட்டுவிடாது. இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் மருந்து டப்பாவை எடுத்து மேசையில் கொட்டுங்கள். ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பொதுப் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபெனாமிக், நிமிசுலைடு என்று இருப்பவற்றைத் தனியே வையுங்கள். வீட்டில் வயதான அம்மா, அப்பா இருந்தால் அவர்கள் தலையணைக்கு அடியிலும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவற்றை அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் எடுத்துச் சென்று, "இது எனக்குத் தேவையா?" என்று கேளுங்கள். மாணவர்களுக்கும் இதையே ஒரு செயல்பாடாகக் கொடுங்கள். வெற்று அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பெயர், அளவு, காலாவதித் தேதி, சிவப்புக் கோடு ஆகியவற்றைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை படிக்கக் கற்றால் ஒரு வீடு கற்றுக்கொள்ளும்.